பாவும் மேயும்: ஆட்டொலிச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

விலங்கின் குரலைக் கேட்டவாறே சொல்லாக்கி வழங்குதல் மொழிகள் பலவற்றிலும் காணப்படும் இயல்பு. ஆயினும் ஒரே விலங்கின் குரல் நாடுதோறும் வெவ்வேறு எழுத்தாற் குறிக்கப்படுவதேன்? செம்மறியாட்டின் குரலைச் சுட்டும் ‘பா’ என்னும் ஆங்கிலச் சொல்லையும், நம் வழக்கிலுள்ள ‘மே’ என்னும் ஒலிக்குறிப்பையும் ஒப்புநோக்கி இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, ‘கம்பு’ என்புழி மகரத்தை அடுத்து வரும் பகரம்போல மெலிந்தொலிப்பது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இச்சொல் ஆங்கில நூல்களில் 16ஆம் நூற்றாண்டு முதல் பயில்கின்றது. ஆட்டின் குரல் என்னும் பெயர்ப்பொருளிலும், அவ்வாறு கத்துதல் என்னும் வினைப்பொருளிலும் அது வரும். சேக்சுபியர் தம் ‘கோரியோலேனசு’ நாடகத்தில் இதனை வினையாக ஆண்டுள்ளார். குழந்தைகள் ஆட்டுக்குட்டியை இவ்வொலியாலேயே சுட்டுவதும் உண்டு. ஏறத்தாழ 1744இல் அச்சேறிய குழந்தைப்பாட்டு ஒன்றாற் கறுப்பாட்டை விளிக்கும் சொல்லாகவும் இது புகழ்பெற்றது. அப்பாட்டின் தொடக்கத்தையே இந்தியாவிற் பிறந்த கிப்ளிங், 1888இல் வெளிவந்த தம் சிறுகதைக்குத் தலைப்பாக்கினார். ஆங்குக் ‘கறுப்பாடு’ என்பது பழி சுமந்த சிறுவனைக் குறித்தது. ஒலிக்குறிப்பாகத் தோன்றிய சொல் மாந்தர் வாழ்வைச் சுட்டும் தொடரில் இவ்வாறு இடம்பெற்றது.

இனி நம் நாட்டை நோக்குவோம். பாளையம்பட்டியை உள்ளிட்ட அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி மழையை நம்பிய வறண்ட நிலம். இத்தகைய நிலங்களில் ஆட்டு மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடுதல் எருவிடும் முறைகளுள் ஒன்று. மேய்ச்சல் முடிந்து மந்தை திரும்பும்போது தாயும் குட்டியும் ஒன்றையொன்று குரலால் அறிந்து கூடும். அக்குரலை நம்மவர் ‘மே’ என்றே குறிப்பர். ஆங்கிலப் பாட்டை மனப்பாடம் செய்யும் நம் சிறார் பள்ளியிற் சொல்லுவது ‘பா’; ஊரிற் கேட்பது ‘மே’.

இவ்வேறுபாட்டிற்கு எழுத்தியல்பு ஒரு காரணம் ஆகலாம். பகரமும் மகரமும் எல்லா உயிரோடும் மொழிக்கு முதலாகும் என்பது தொல்காப்பிய விதி. ஆயின் தமிழ்ச்சொல்லின் முதலில் நிற்கும் பகரம் வல்லோசையே பெறும். மெலிந்தொலிக்கும் பகரம் ஆண்டு வாராது. இதழ் குவிந்து குரலதிர்வோடு எழும் ஆட்டொலியை வல்லோசைப் பகரம் காட்டவல்லதன்று. அதிர்வுடைய இதழொலியாகத் தமிழிற் சொல்முதலில் வரும் மெய் மகரமே. ஆதலின் ‘மே’ தோன்றிற்று எனலாம்.

இவ்விளக்கம் மட்டும் போதுமா? செருமானியமும் சப்பானியமும் மெலிந்த பகரத்தைச் சொல்முதலிற் பெற்ற மொழிகள். அவற்றிலும் ஆட்டின் குரல் மகரத்தாலேயே வழங்குகின்றது. ஆகவே எழுத்தின்மை ஒன்றே காரணமாகாது. கி.மு. முதல் நூற்றாண்டினரான உரோமானிய அறிஞர் வாரோ, தம் வேளாண்மை நூலில் இதனை முன்னரே தொட்டுள்ளார். கிரேக்கர் ஆட்டினத்தை ‘மேலா’ என்றது அதன் குரல்பற்றி என்று கூறிய அவர், தம் செவிக்கு அக்குரல் மகரமாகவன்றிப் பகரமாகவே ஒலிப்பதாக எழுதினார். விலங்கின் ஒலி இரண்டிற்கும் இடந்தருகின்றது. ஒன்றைத் தேர்வது மொழி. தேர்ந்ததை நிலைநிறுத்துவது மரபு. பிறமொழிச் சொற்களின் வாயிலாக மெலிந்த முதற்பகரம் பேச்சுத்தமிழில் நுழைந்த பின்னரும், நம்மிடையே ‘மே’ மாறாது நிற்பது இம்மரபின் வலிமைக்குச் சான்று.

மொழிவரலாற்றிற்கும் இத்தகைய சொற்கள் துணைசெய்யும். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நாடக ஆசிரியர் கிராட்டினசு ஆட்டின் குரலை எழுதிய எழுத்துகளை, இக்காலக் கிரேக்க ஒலிப்புமுறைப்படி படித்தால் ‘வீ வீ’ என்று ஒலிக்கும். எந்த ஆடும் அவ்வாறு கத்துவதில்லை. பண்டைய கிரேக்க ஒலிப்பை மீட்டெடுக்க எராசுமசு 1528இல் நூல் எழுதினார். அவர் கொள்கையினர் பின்னர் இச்சான்றைக் காட்டி, அவ்வெழுத்துகள் பழங்காலத்தில் மெலிந்த பகரமும் நெட்டேகாரமுமாக ஒலித்தன என்று நிறுவினர். எழுத்தின் ஒலி மாறிற்று. ஆட்டின் குரல் மாறவில்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒலியொப்புமை கண்டவிடமெல்லாம் வேர் காணுதல் ஆராய்ச்சியன்று. வாரோ கூறிய ‘மேலா’ என்னும் பெயரை, விலங்கைக் குறிக்கும் பழைய ஐரிசுச் சொல்லோடு இனமுடையதாகவே பிற்கால மொழியியலார் கொள்வர். நம்மவரும் ‘மேய்’ என்னும் வினையை ‘மே’ என்னும் ஒலியினின்று பிறப்பிக்க விழையலாம். கன்னடத்தினும் தெலுங்கினும் இனச்சொல் பெற்ற அவ்வினை ஆட்டிற்கே உரியதன்று; மாட்டிற்கும் மானிற்கும் பொது. பட்டினப்பாலையில் வரும் ‘மேழகம்’ என்னும் சொல்லையும் அவ்வாறு கொள்ளல் அரிது. பெரும்பாணாற்றுப்படை அதே விலங்கினத்தை மகரமின்றி ‘ஏழகம்’ என்கின்றது. மரபியல் கூறும் மறி, தகர், மோத்தை, உதள் என்னும் பெயர்களிலும் ஆட்டின் குரல் கேட்கவில்லை. ஒலிக்குறிப்பு வேறு, பெயர் வேறு என்பதே பெறப்படும்.

ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்திய மொழிகளின் பொதுக்கூறுகளுள் ஒன்று என எமனோ 1969இல் எழுதிய கட்டுரையிற் காட்டினார். இவற்றைச் சிறுவர் சொல் என ஒதுக்குதல் இனிப் பொருந்தாது. கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்துக் கி. ராஜநாராயணன் 1982இல் அகராதி வெளியிட்டு வழிகாட்டினார். அவ்வழியில், ஆயர் ஆட்டை அழைக்கும் ஒலி, ஓட்டும் ஒலி, குட்டி தாயைத் தேடும் குரலுக்கு அவர் இட்ட சொல் ஆகியவற்றை ஊர்தோறும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். எழுதியவாறே கொள்ளாது, ஒலிப்பதிவும் உடன் சேர்த்தல் இன்றியமையாதது. எழுத்து மட்டும் எஞ்சினால் என்ன நேரும் என்பதைக் கிரேக்க ஆடு நமக்கு உணர்த்தியுள்ளது. மேய்ச்சல் நிலமும் ஆயர் தொழிலும் சுருங்குமாயின், முதலில் மறைவன ஏட்டில் ஏறாத இவ்வொலிச் சொற்களேயாம்.