பாச்சும் தியாகராஜரும்: ஒரு கேசட்டின் கதை

என் பேரன் லீவுக்கு வரும்போது கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வருவான். போன மாதம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மெட்டு வாசித்தான். கேட்ட மாதிரி இருந்தது. 1960-ல் இங்கிலாந்தின் 'ஷாடோஸ்' குழு வாசித்துப் பிரபலமாக்கிய 'அப்பாச்சி' என்றான். பாட்டு வரி கிடையாது, கிட்டார் மட்டும்தான். "தாத்தா, நம்ம ஊர்ல பாட்டே இல்லாம இப்படி யாராவது போட்டிருக்காங்களா?" என்று கேட்டான்.

கிட்டார் தனியாக என்றால் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் கிட்டார்காரராகப் பட்டணத்துக்கு வந்த ஒருவர், ஒரு வரிகூடப் பாட்டு இல்லாமல் செய்த கேசட் ஒன்று உண்டு. அதனால் எனக்கும் என் ஹெட்கிளார்க்குக்கும் பேச்சு நின்றுபோனதும் உண்டு. அந்தக் கதைதான் இது.

இளையராஜா 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராய்க் கச்சேரி செய்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-ல் 'அன்னக்கிளி'யில் தனியாக வந்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பத்து வருஷம் கழித்து, 1986-ல், சினிமாவை ஒதுக்கி வைத்துவிட்டு 'ஹவ் டு நேம் இட்' என்ற கேசட்டை வெளியிட்டார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அர்த்தம். பிரதான வயலின் வி.எஸ். நரசிம்மன். ஜெர்மனியின் பாச்சுக்கும் நம் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளுக்கும் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். 'பாச்சை என் வீட்டில் சந்தித்தேன்' என்று ஒரு பகுதிக்குப் பெயர். பாச் தனி வயலினுக்கு எழுதிய ஒரு புகழ்பெற்ற முன்னிசை அதில் வருகிறது. பாச் காலமானது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. அதைத்தான் இவர் வாத்தியங்களை வைத்து நடத்திக் காட்டினார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். நம் சங்கீதம் ஒற்றை இழை. ஒரு ராகம், ஒரு குரல், அதில் கமகம். பாச்சின் சங்கீதம் பல இழை. ஒரு குரல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும். அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே வாக்கியத்தோடு நுழையும், அப்புறம் மூன்றாவது. இதற்குப் 'ஃப்யூக்' என்று பெயர். எல்லாக் குரலும் இசைந்து நிற்க வேண்டுமானால் ஸ்வரம் ஆடாமல் நேராக நிற்க வேண்டும். நம் ராகமோ ஸ்வரம் ஆடினால்தான் ராகம். இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுத வேண்டும்.

காந்திஜி ரோட்டில் ஒரு கடையில் அந்தக் கேசட்டை வாங்கினேன். காரைக்காலில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பள்ளியில் 'தோ ரே மி ஃபா' சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் அம்மா அதே ஏணியைச் சங்கராபரணம் என்று பாடுவாள். இரண்டும் ஒன்றுதான் என்று பத்து வயதில் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இந்தக் கேசட்டிலும் வந்தது.

1987 ஜனவரி, ஆராதனை சமயம். எங்கள் ஹெட்கிளார்க் வருஷம் தவறாமல் திருவையாறு போய் பஞ்சரத்னம் பாடுகிறவர். கேசட்டை அவரிடம் கொடுத்தேன். மறுநாள் ஆபீஸில் எல்லோர் முன்னாலும், "சுவாமிகள் பேரைப் போட்டு ஆர்கெஸ்ட்ரா நடத்தறதா? காவேரியில சாக்கடையை விடற மாதிரி" என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"சார், நீங்க கச்சேரியில ரசிக்கிற வயலினே வெள்ளைக்காரன் வாத்தியம்தானே?" என்றேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு வந்த வாத்தியம் அது. தஞ்சை நால்வரில் வடிவேலு அதில் தேர்ந்து, சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்த வயலினைப் பரிசாகப் பெற்றார். தீட்சிதரே ஐரோப்பிய பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அதுதான். சரபோஜி மகாராஜா இதே தஞ்சாவூர் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்களை வாசிக்க வைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "சமாதியில பொம்பளைங்க பாடக்கூடாதுன்னாங்க. அந்தக் கோயிலைக் கட்டின பெங்களூர் நாகரத்தினம்மாளே அதுக்குப் போராட வேண்டியிருந்தது. உங்களை மாதிரி ஆளுங்கதான் சார் அப்பவும் தடுத்தாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரித்திரம்தான். ஆனால் அதை வயதில் மூத்தவரின் முகத்தில் விட்டெறிந்தேன். அன்றிலிருந்து ஃபைல் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை.

கேசட்டைத் திருப்பிக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நாலு மாதம் கழித்து அவரே என் மேஜையில் வைத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தேன். டேப் தளர்ந்து அங்கங்கே இழுத்தது. ஒரு தடவை கேட்டால் அப்படி ஆகாது. மறுநாள் டீ நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த வயலின்காரர் கமகத்தை விடலய்யா" என்றார். அவ்வளவுதான். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்" என்றேன். டீக்குக் காசு அவர் கொடுத்தார்.

அவர் இப்போது இல்லை. பிடித்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தது சரியான இடத்தை. எத்தனை இழை சேர்ந்தாலும் கமகம் போனால் நம்முடையது போய்விடும். அது போகாமல் காத்ததுதான் அந்தக் கேசட்டின் சாதனை. நான் சரித்திரம் பேசினேன், அவர் காதால் கேட்டுச் சொன்னார்.

பேரனுக்கு இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டானா தெரியாது. 'சக்தி சகித கணபதிம்' நோட்டுஸ்வரத்தை வாயால் பாடிக் காட்டினேன். அதன் மூலம், ஒரு பெண்ணை நடனமாடக் கூப்பிடும் பிரெஞ்சு மெட்டு என்பார்கள். ரெண்டு தடவை கேட்டுவிட்டுக் கிட்டாரில் அப்படியே வாசித்தான். எங்கள் திண்ணையில் பிள்ளையாரும் பிரெஞ்சும் கிட்டாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்கிளார்க் சார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.