காற்றின் கணக்கு: ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை மின்னாக்க வரலாறும் காலநிலை வாதமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தின் தென்கோடிக் காற்றாலைகள் இன்று காலநிலை மாற்றத்திற்கான தீர்வுகளுள் ஒன்றாகச் சுட்டப்படுகின்றன. ஆயினும் அவை அந்நோக்கத்தோடு நிறுவப்பட்டவை அல்ல. எண்ணெய் நெருக்கடி, நூற்பாலைகளின் மின்தேவை, வருமானவரிச் சலுகை ஆகியனவே அவற்றை இம்மண்ணில் ஊன்றின. காலநிலை என்னும் காரணம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவற்றோடு சேர்க்கப்பட்டது. இவ்வரலாற்றில் காற்று எவ்வாறு அளக்கப்பட்டது, ஆலைகளின் பயன் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காற்றாலை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், அன்னா மாணி, தேய்மானச் சலுகை, மின்கட்டமைப்பு, காலநிலை மாற்றம்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்தின் மேற்கு எல்லையில் நீண்ட மதிலாக நிற்கிறது. அம்மதிலில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என மூன்று பெரிய இடைவெளிகள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காலத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று இவ்விடைவெளிகளில் நெருக்குண்டு விரைவு பெற்றுக் கிழக்கே பாய்கிறது. மே முதல் செப்டம்பர் வரையிலான இக்காற்றே தமிழகக் காற்றாலைத் தொழிலின் மூலப்பொருள்.

பழந்தமிழர் காற்றைத் திசையால் வகுத்துக் கொண்டல், தென்றல், கோடை, வாடை எனப் பெயரிட்டனர். புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோரைக் காற்றை வசப்படுத்திக் கலம் செலுத்தியவராகக் குறிக்கிறார். அப்பாடலை இன்றைய காற்றாலைகளுக்கு முன்னோடிச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. பாய்மரம் காற்றை அது வீசும் இடத்திலேயே பயன்படுத்துவது. காற்றாலையோ அதை மின்னாக்கித் தொலைவிலுள்ள ஒருவரின் கணக்கில் சேர்ப்பது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

ஆரல்வாய்மொழி எழுதப்பட்ட வரலாற்றில் நெடுங்காலம் படைவழியாகவே அறியப்பட்டது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியை அடக்கவந்த ஆங்கிலேயப் படை, 1809 பிப்ரவரியில் இங்கிருந்த திருவிதாங்கூர் அரண்வரிசையைத் தாக்கியே நாட்டுக்குள் நுழைந்தது. கணவாயின் காற்றுக்குப் பொருளியல் மதிப்புண்டு என்னும் எண்ணம் உருவாக அதன்பின் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

அளவீட்டின் முதன்மை

இந்தியாவில் காற்றுவிசை பற்றிய அரசுசார் ஆய்வு 1950களிலேயே தொடங்கியது. பெங்களூரில் இருந்த தேசிய வானூர்தி ஆய்வகம் 1960களில் நீரிறைக்கும் காற்றாலைகளை வடிவமைத்தது. மலிவான டீசலும், பம்புசெட்டுகளுக்கு விரிவடைந்த ஊரக மின்னிணைப்பும் அம்முயற்சியை ஓரங்கட்டின. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றமே அதை மீண்டும் நினைவூட்டியது. மைய அரசு 1981இல் கூடுதல் ஆற்றல் மூலங்களுக்கான ஆணையத்தையும், 1982இல் மரபுசாரா ஆற்றல் துறையையும் அமைத்தது. ‘மரபுசாரா’ என்னும் அடைமொழி கவனத்திற்குரியது. அன்றைய அச்சம் எரிபொருள் தீர்ந்துவிடும் என்பதே. எரிபொருள் எரிவதால் புவி வெப்பமடையும் என்பது அன்று கொள்கைக் காரணமாக இடம்பெறவில்லை.

காற்று போதுமான அளவில் வீசுகிறதா என்னும் கேள்விக்கு அப்போது நம்பத்தக்க விடை இல்லை. வானிலைத் துறையின் காற்றுமானிகள் வானிலை முன்னறிவிப்புக்காகவும் விமானப் போக்குவரத்துக்காகவும் வைக்கப்பட்டவை. பல கருவிகள் தாழ்வான உயரத்தில், கட்டடங்களும் மரங்களும் சூழ்ந்த இடங்களில் இருந்தன. காற்றின் ஆற்றல் அதன் விரைவின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால் இக்குறை சிறியதன்று. விரைவைப் பத்து விழுக்காடு குறைத்து அளந்தால் ஆற்றல் கணக்கில் ஏறத்தாழ 27 விழுக்காடு காணாமற்போகும்.

சராசரியும் ஏமாற்றக்கூடியது. ஓரிடத்தில் ஆண்டில் பாதிக் காலம் நொடிக்கு 10 மீட்டர், மீதிக் காலம் 2 மீட்டர் விரைவில் காற்று வீசுவதாகக் கொள்வோம். சராசரி 6 மீட்டர். அதன் மும்மடி 216. ஆனால் இரு பருவங்களின் மும்மடிகளையும் தனித்தனியே கண்டு சராசரி எடுத்தால் 504 வரும். ஆரல்வாய்மொழி போன்ற பருவக்காற்று நிலத்தை ஆண்டுச் சராசரியைக் கொண்டு மதிப்பிட்டால் அதன் வளத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. எனவே ஆலைக்கு முன் அளவுகோல் தேவைப்பட்டது.

அவ்வளவுகோலை உருவாக்கியதில் முதன்மையானவர் அன்னா மாணி. திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சி.வி. இராமனிடம் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. இங்கிலாந்தில் வானிலைக் கருவியியல் கற்று 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, 1976இல் துணைத் தலைமை இயக்குநர் நிலையில் ஓய்வுபெற்றார். இறக்குமதிக் கருவிகளையே நம்பியிருந்த துறையில் உள்நாட்டுக் கருவியாக்கத்தையும் அவற்றின் தரச்சரிபார்ப்பையும் நிலைநிறுத்தியது அவர் பணி. பிழையான அளவீட்டைக் காட்டிலும் அளவீடு இல்லாமையே மேல் என்னும் கொள்கையினராக அவரைப் பற்றிய குறிப்புகள் காட்டுகின்றன.

ஓய்வுக்குப் பின் அவர் மேற்கொண்ட பணியே நம் பொருளுக்கு நெருக்கமானது. டி.ஏ. மூலேயுடன் இணைந்து அவர் 1983இல் வெளியிட்ட இந்தியக் காற்றாற்றல் தரவுநூல், வானிலை நிலையங்களின் பதிவுகளை ஆற்றல் நோக்கில் திரும்பப் படித்தது. அதைத் தொடர்ந்து, காற்றாலைக்கென்றே தேர்ந்த இடங்களில் 20 முதல் 25 மீட்டர் உயரக் கம்பங்கள் நடப்பட்டு மணிதோறும் காற்று பதிவுசெய்யப்பட்டது. முப்பந்தல், கயத்தாறு ஆகிய பெயர்கள் முதலீட்டாளரின் வரைபடத்தில் ஏறியது இக்கம்பங்களின் வழியாகத்தான். காற்றாலை வரலாறுகள் பெரும்பாலும் எந்திரத்திலிருந்து தொடங்குகின்றன. தமிழகத்தைப் பொறுத்தவரை அதைக் கம்பத்திலிருந்து தொடங்குவதே முறை.

டென்மார்க்கிலிருந்து தூத்துக்குடி வரை

எந்திரம் வந்த வழி வேறு. டென்மார்க்கில் பவுல் லா கூர் 1891இலேயே காற்றால் மின்னாக்கினார். யோகன்னஸ் யூல் 1957இல் கெட்சரில் நிறுவிய 200 கிலோவாட் ஆலை பத்தாண்டுகள் இயங்கியது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அந்நாட்டின் வேளாண் கருவித் தொழிலகங்கள் அம்மூன்று அலகு வடிவத்தைப் பின்பற்றிச் சிறிய, உறுதியான ஆலைகளைச் செய்தன. 1980களின் தொடக்கத்தில் அவற்றின் பெரும் சந்தை கலிபோர்னியா. அங்கிருந்த வரிச்சலுகை 1985 இறுதியில் முடிவுற்றதும் சந்தை சரிந்தது. மறு ஆண்டு வெஸ்டாஸ் நிறுவனம் நொடித்து, பின் புதுப்பிக்கப்பட்டது.

அதே 1986இல் இந்தியாவின் முதல் செயல்விளக்கக் காற்றுப்பண்ணைகள் குஜராத்தின் ஓகா, மகாராட்டிரத்தின் இரத்தினகிரி, தமிழகத்தின் தூத்துக்குடி ஆகிய கடற்கரைகளில் 55 கிலோவாட் ஆலைகளுடன் தோன்றின. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழ்நாடு மின்வாரியம் தொடங்கிய இம்முயற்சி, 1993க்குள் பல இடங்களிலுமாக 120 ஆலைகள், 19.355 மெகாவாட் என வளர்ந்தது. இதில் டென்மார்க்கின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் பங்கு கணிசமானது. அவ்வுதவியில் தமிழகத்தின் பகுதி கயத்தாறு, முப்பந்தல் ஆகிய இரு இடங்களுக்குச் சென்றது. கொடை, சந்தை தேடல் இரண்டும் அவ்வுதவியில் கலந்திருந்தன எனக் கருத இடமுண்டு. ஆனால் கொடை எந்திரத்தோடு நிற்கவில்லை. 1998இல் சென்னையில் அமைந்த காற்றாற்றல் தொழில்நுட்ப மையமும், கயத்தாற்றில் அதன் ஆலைச் சோதனை நிலையமும் அத்தொடர்பின் நிலைத்த விளைவுகள். அம்மையமே இன்றைய தேசியக் காற்றாற்றல் நிறுவனம்.

மக்கள் வழக்கில் இவை ‘காத்தாடி’. ஏட்டு வழக்கில் ‘காற்றாலை’. அரைப்பதும் பிழிவதும் இல்லாத இதனை ‘ஆலை’ என்பது ஐரோப்பியச் சொல்லின் நிழல் என்று தோன்றலாம். ஆனால் இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் நூற்பாலைக்காரர்கள் என்பதால் சொல் தற்செயலாகப் பொருந்திவிட்டது.

பஞ்சாலையும் வரிக்கணக்கும்

கோயம்புத்தூர், இராசபாளையம் வட்டார நூற்பாலைகளுக்கு மின்சாரம் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவு. இரவு பகலாக ஓடும் கதிர்களுக்கு மின்தடை நேரடி இழப்பு. முப்பந்தலில் சொந்த ஆலை நிறுவி, அங்கு விளைந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே தம் ஆலைக்குக் கொண்டுசெல்லவும், பருவத்தில் மிகுந்ததை வாரியத்தின் கணக்கில் வரவுவைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் தமிழகம் இசைந்தது. உண்மையில் மின்சாரம் எங்கும் சேமிக்கப்படவில்லை. ஆடி மாதத்து அலகுகள் ஏட்டில் காத்திருந்தன. மாசி மாதத்தில் நூற்பாலை எடுத்தது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்.

இதனோடு விரைவுத் தேய்மானச் சலுகை சேர்ந்தது. 1990களில் காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரிக்குரிய இலாபத்தைக் குறைக்கலாம். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குப் பாதித் தேய்மானமே உண்டு என்பது வருமானவரிச் சட்டத்தின் பொதுவிதி. ஆகவே முழுச் சலுகை வேண்டுவோர் செப்டம்பர் இறுதிக்குள், பாதியேனும் வேண்டுவோர் மார்ச் இறுதிக்குள் ஆலையை இயக்கிக் காட்ட வேண்டும். செப்டம்பர் இறுதி என்பது காற்றுப் பருவம் முடியும் வேளை. காற்று வரும் நாளைவிட வரிக்கணக்கு முடியும் நாளே நிறுவுதலின் காலக்கெடுவாயிற்று.

இச்சலுகை நிறுவிய திறனுக்கு உரியது. விளைந்த மின்சாரத்திற்கு உரியதன்று. வலுவற்ற ஊரகக் கம்பிகளில் ஆலைகள் நெருக்கமாக இணைக்கப்பட்டன. அக்கால மின்னாக்கிகள் தமக்குத் தேவையான காந்தப்புலத்தை உருவாக்கும் மின்னோட்டத்தை அக்கம்பிகளிலிருந்தே இழுத்தன. மின்னழுத்தம் தாழ்ந்து ஆலைகள் நின்றன. நல்ல காற்று வீசிய நாளில் மின்சாரத்தை வெளியேற்ற வழியின்றி அவற்றை நிறுத்திவைக்கும் நிலையும் தொடர்ந்தது. 1996இல் குறைந்தபட்ச மாற்றுவரி வந்ததும் நிறுவுதல் சரிந்தது. 2012 ஏப்ரலில் சலுகை நீக்கப்பட்டபோது மீண்டும் சரிந்து, 2014இல் அது திரும்பியதும் எழுந்தது. காற்று மாறவில்லை, ஆணை மாறியது. ஆயினும் சலுகை வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. தனியார் முதலீடும், எந்திரம் பழுதுபார்க்கும் கைத்திறனும், பல்லாயிரம் மெகாவாட் திறனும் இந்தக் கோணலான வழியில்தான் சேர்ந்தன. 2009இல் அலகுக்கு 50 காசு என்னும் உற்பத்திசார் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டபோதே விளைச்சல் கொள்கையின் அளவுகோலாயிற்று.

காலநிலை என்னும் பின்னேற்றம்

காலநிலை மாற்றத்திற்கான அரசுகளிடைக் குழு அமைந்தது 1988இல். முள்ளக்காட்டு ஆலைகள் சுழலத் தொடங்கி ஈராண்டுகளுக்குப் பின். கியோட்டோ நெறிமுறை 2005இல் நடைமுறைக்கு வந்ததும், அதன் தூய்மை மேம்பாட்டு முறையின்கீழ்க் கார்பன் வரவு பெறத் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பினர்களின் காற்றாலைகளைத் தொகுத்து ஒரே திட்டமாகப் பதிவுசெய்தது. வரவு கிடைக்காவிடில் இவ்வாலை நிறுவப்பட்டிராது என மெய்ப்பிப்பது அம்முறையின் அடிப்படை விதி. வரிச்சலுகைக்காகவும் மின்செலவுக்காகவும் பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த ஒரு தொழில், தான் கார்பனுக்காக நடப்பதாக எழுத்தில் நிறுவ வேண்டியிருந்தது. இதைப் பொய் என்பது மிகை. ஒரு செயலுக்குக் காலந்தாழ்த்திச் சூட்டப்பட்ட காரணம் எனலாம்.

அரசின் ஏடுகளிலும் இப்பொருத்தமின்மை உண்டு. 2008இன் காலநிலை மாற்றத்திற்கான தேசியச் செயல்திட்டம் எட்டு இயக்கங்களை அறிவித்தது. ஞாயிற்றாற்றலுக்குத் தனி இயக்கம் கிடைத்தது. அன்று நாட்டில் பன்மடங்கு மிகுதியாக மின்னாக்கிவந்த காற்றுக்குக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே நிலைபெற்றதைவிட இனித் தோன்றவிருப்பதே ‘தீர்வு’ என்னும் பெயரை எளிதில் பெறுகிறது.

இப்பெயர் மாற்றத்தால் அளவுகோலும் மாறவேண்டும். நூற்பாலைக்கு வேண்டியது மின்கட்டணத்தில் மிச்சம். வரிசெலுத்துவோருக்கு வேண்டியது தேய்மானம். காலநிலைக்கு வேண்டியதோ எரிக்கப்படாத நிலக்கரி. காற்று மிகும் வேளையில் அனல்மின் நிலையம் எவ்வளவு தணிக்கப்பட்டது, எத்தனை மணிநேரம் காற்றாலையே நிறுத்தப்பட்டது என்னும் கணக்கில்லாமல், நிறுவிய மெகாவாட் எண்ணை மட்டும் காட்டுவது 1990களின் வரிக்கணக்கையே வேறு பெயரில் எழுதுவதாகும்.

தமிழகத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாட்டில் முதலிடத்தை 2023இல் குஜராத்திடம் விட்டுக்கொடுத்தது. இதற்கொரு காரணம் தொடக்கத்திலேயே உள்ளது. அன்னா மாணியின் கம்பங்கள் காட்டிய மிகச்சிறந்த இடங்களில்தான் மிகப் பழைய ஆலைகள் நிற்கின்றன. 15 மீட்டர் விட்டச் சுழலி ஒன்றைவிட 120 மீட்டர் விட்டச் சுழலி 64 மடங்கு பரப்பில் காற்றை வாங்குகிறது. ஆனால் ஒரு பெரிய ஆலைக்காகப் பல சிறிய ஆலைகளை அகற்றவேண்டும்; அவை பல உரிமையாளர்களுடையவை, அவற்றின் நிலம் துண்டுதுண்டானது, கணக்கில் வரவுவைக்கும் பழைய உரிமைகளை இழக்க எவரும் விரும்புவதில்லை. 2016இல் மைய அரசும், 2024இல் தமிழக அரசும் இதற்கெனக் கொள்கை வெளியிட்டுள்ளன.

அடுத்த அடி கடலில் வைக்கப்படுகிறது. கடற்காற்றாலைகளுக்காக 2024 சூனில் மைய அமைச்சரவை ஒப்பிய 7,453 கோடி ரூபாயில், தமிழகக் கடற்பகுதிக்கு 500 மெகாவாட்டும் குஜராத்துக்கு 500 மெகாவாட்டும் இலக்கு. இரு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி நீங்கலாக எஞ்சியது நிறுவுதலுக்கான நிதியிடைவெளியை நிரப்ப. தமிழகத்தின் இடம் மன்னார் வளைகுடா. அதன் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் முள்ளக்காட்டில் முதல் ஆலை சுழன்ற அதே 1986இல்தான். அங்கே காற்றின் விரைவை அளக்கும் முறைகள் தேர்ந்துவிட்டன. பவளத்திட்டுகளையும் அக்கடலில் வலைவீசுவோரின் மீன்பாடுகளையும் அதே பொறுமையோடு ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்யும் கம்பங்கள் இன்னும் நடப்படவேண்டியுள்ளன.