ஹெயிட்டியும் சோமாலியாவும்: தோல்வி யாருடையது?

1993 ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் இரவு. பத்திரிகைத் துறைக்குள் நுழைந்து அதிக காலம் ஆகியிராத நான், கொழும்பில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். தொலையச்சு இயந்திரத்தில் வந்த செய்தியொன்றை நம்புவதற்குச் சிரமமாக இருந்தது. ஹெயிட்டியின் தலைநகர் போர்ட் ஓ பிரின்ஸ் துறைமுகத்துக்கு 'ஹார்லன் கவுன்டி' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வந்திருந்தது. கரையில் திரண்டுநின்ற ஆயுதக் கும்பலொன்றின் கூச்சலையடுத்து அந்தக் கப்பல் மறுநாளே திரும்பிச் சென்றுவிட்டது. ஹெயிட்டியை இன்னொரு சோமாலியாவாக்கிவிடுவோம் என்பதே அக்கும்பலின் மிரட்டல்.

ஒரு வாரத்துக்கு முன்னர்தான் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் அமெரிக்க ஹெலிகொப்டர்கள் சுட்டுவீழ்த்தப்பட்டு, மூண்ட சண்டையில் 18 அமெரிக்கப் படையினர் பலியாகியிருந்தனர். இரு வேறு கண்டங்களைச் சேர்ந்த, எந்தத் தொடர்புமற்ற இரு நாடுகளின் தலைவிதி அந்த ஒரு வாரத்தில் பிணைக்கப்பட்டது.

அன்றிலிருந்து இவ்விரு நாடுகளையும் பற்றி எழுதியபோதெல்லாம் 'தோல்வியடைந்த நாடு' என்ற அடைமொழியை யோசிக்காமலேயே பயன்படுத்தி வந்திருக்கிறேன். உலக நாடுகளை இந்த அளவுகோலால் வரிசைப்படுத்திவந்த அமைப்பு கூட 2014 இல் தனது பட்டியலின் பெயரை 'நலிவுற்ற நாடுகள்' என்று மாற்றிக்கொண்டது. ஆனால், பெயரை மாற்றினால் போதுமா? தோல்வியடைந்தது நாடா, அல்லது அந்த நாட்டுக்கு ஆட்சியை வடிவமைத்துக் கொடுத்தவர்களா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஹெயிட்டியின் கதை ஒரு மகத்தான வெற்றியுடன் ஆரம்பிக்கிறது. 1791 இல் கிளர்ந்தெழுந்த அடிமைகள் நெப்போலியனின் படையையே முறியடித்து 1804 ஜனவரி 1 சுதந்திரப் பிரகடனம் செய்தனர். அந்த வெற்றிக்கு அவர்கள் விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1825 இல் போர்க்கப்பல்களை அனுப்பி பிரான்ஸ் கோரிய நட்டஈடு 15 கோடி பிராங்குகள். அடிமைகளாக இருந்தவர்கள் தங்களை அடிமைப்படுத்தியவர்களுக்கு இழப்பீடு செலுத்தினார்கள். தொகை பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டபோதிலும், அதற்காகப் பெற்ற கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. கோப்பி பயிரிட்ட ஏழை விவசாயிகளிடம் அறவிடப்பட்ட வரியே அந்தக் கடனைச் சுமந்தது. அமெரிக்கா 1862 வரை ஹெயிட்டியை அங்கீகரிக்கவே இல்லை. 1915 தொடக்கம் 1934 வரை அந்த நாட்டை அது ஆக்கிரமித்திருந்தது.

சோமாலியாவுக்கு அத்தகைய கடன் இருக்கவில்லை. 1960 ஜூலை 1 பிரிட்டிஷ் சோமாலிலாந்தும் இத்தாலிய நிர்வாகத்தில் இருந்த சோமாலியாவும் இணைந்து குடியரசானபோது, ஆபிரிக்காவிலேயே நிலைத்து நிற்கக்கூடிய நாடு இதுவாகத்தான் இருக்கும் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தது. மக்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு ஒரே மொழி, ஒரே மதம். 1967 இல் முதல் ஜனாதிபதி ஏடன் அப்துல்லா ஒஸ்மான் தேர்தலில் தோல்வி கண்டு அமைதியாகப் பதவியைக் கையளித்தார். அன்றைய ஆபிரிக்காவில் அது அபூர்வமான காட்சி.

இரண்டே வருடங்களில் அந்த நம்பிக்கை சிதைந்தது. 1969 ஒக்டோபரில் ஜனாதிபதி ஷெர்மார்க்கே சுட்டுக்கொல்லப்பட, ஒரு வாரத்துக்குள் ஜெனரல் சியாட் பாரே ஆட்சியைக் கைப்பற்றினார். சோமாலிய மொழிக்கு 1972 இல் எழுத்துவடிவம் தந்ததும் கிராமங்களுக்கு எழுத்தறிவைக் கொண்டுசென்றதும் அவரது அரசாங்கமே. குலப் பற்றைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டு, தனது உறவுக் குலங்களைக் கொண்டே ஆட்சி நடத்தியதும் அதே அரசாங்கமே. 1988 இல் ஹர்கெய்சா நகரைக் குண்டுவீசி அழித்த விமானங்கள் அதே நகரின் விமான நிலையத்தில் இருந்தே புறப்பட்டன. 1991 ஜனவரியில் பாரே தப்பியோடியபோது அரசும் அவருடன் சேர்ந்து மறைந்தது.

இனப் பன்முகத்தன்மையே நாடுகளைச் சிதைக்கிறது என்று வாதிடுபவர்கள் சோமாலியாவை ஊன்றிக் கவனிக்கவேண்டும். இவ்விரு நாடுகளிலும் நான் காணும் பொதுவான நோய் வேறு. இரண்டிலும் ஆட்சியாளர்களின் பலம் மக்களிடமிருந்து பெறப்பட்டதல்ல. ஹெயிட்டியில் கிராம மக்களை 'வெளியே இருப்பவர்கள்' என்று அழைக்கும் வழக்கம் கிரியோல் மொழியில் உண்டு. சொந்த நாட்டிலேயே அவர்கள் வெளியாட்கள். 1957 தொடக்கம் 1986 வரை ஆண்ட டுவாலியர் தந்தையும் மகனும் கம்யூனிச எதிர்ப்பின் பெயரால் அமெரிக்காவின் தயவைப் பெற்றனர். சியாட் பாரே முதலில் சோவியத் யூனியனிடமும், 1977 - 78 ஒகாடென் போரில் மொஸ்கோ எதியோப்பியாவின் பக்கம் சாய்ந்த பின்னர் அமெரிக்காவிடமும் ஆயுதம் பெற்றார். வெளியில் இருந்து பணமும் ஆயுதமும் வரும்வரை, தனது மக்களிடம் ஆட்சியாளன் கணக்குக் காட்டவேண்டிய தேவை எழுவதில்லை.

காப்பாற்ற வந்தவர்களின் கணக்கும் ஒன்று உண்டு. 1992 பஞ்சத்தின்போது சோமாலியாவுக்குச் சென்ற சர்வதேசப் படைகள் பல உயிர்களைக் காப்பாற்றின என்பதை மறுக்கமுடியாது. ஆனால், 1995 இல் அவை வெளியேறியபோது யுத்தப் பிரபுக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். 2011 பஞ்சத்தில் சுமார் 2 இலட்சத்து 60 ஆயிரம் பேர் மடிந்தனர். ஹெயிட்டியில் 2010 ஜனவரி பூகம்பத்தின் பேரழிவுக்குப் பிறகு, அதே வருடம் ஐ.நா. படைமுகாம் ஒன்றின் கழிவுநீரில் இருந்து பரவிய கொலரா நோய் ஏறத்தாழ 10 ஆயிரம் பேரைப் பலிகொண்டது. ஐ.நா. செயலாளர் நாயகம் மன்னிப்புக் கோருவதற்கு 2016 டிசம்பர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எமது நாட்டுக்கும் இதில் பங்குண்டு. ஹெயிட்டியில் அமைதிகாக்கச் சென்ற இலங்கைப் படையினரில் 100 க்கும் அதிகமானோர், சிறுமியர் உட்பட பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டிய குற்றச்சாட்டில் 2007 நவம்பரில் திருப்பியனுப்பப்பட்டனர்.

2021 ஜூலையில் ஜனாதிபதி மொயிஸ் தனது வீட்டிலேயே கொல்லப்பட்டபோது, ஹெயிட்டியின் சிவில் சமூக அமைப்புகள் ஒன்றுகூடி இடைக்கால ஆட்சிக்கான உடன்படிக்கையொன்றைத் தாங்களாகவே வரைந்தன. அதை ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டுத் தூதுவர்களின் ஆதரவைப் பெற்றிருந்த ஏரியல் ஹென்றியே ஆட்சியில் தொடர்ந்தார். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் கைக்குள் போன நிலையில் 2024 இல் அவரும் விலகினார். அந்த வருடம் ஹெயிட்டிக்கு அனுப்பப்பட்ட பன்னாட்டுப் பணிக்குத் தலைமைதாங்கியது, 2011 இல் சோமாலியாவுக்குள் படை அனுப்பிய அதே கென்யா. 2025 நடுப்பகுதியில் ஹெயிட்டியில் இடம்பெயர்ந்தோரின் தொகை சுமார் 13 இலட்சத்தை எட்டியது.

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் உறுத்துவது வேறொரு விடயம். மொகடிஷுவில் ஹெலிகொப்டர்கள் வீழ்ந்த அதே 1993 ஆம் ஆண்டின் முற்பகுதியில், வடக்கே சோமாலிலாந்தின் போராமா நகரில் குல மூத்தோர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசினார்கள். செலவின் பெரும்பகுதியை உள்ளூர்ச் சமூகங்களே ஏற்றன. வெளிநாட்டுப் படை எதுவும் அங்கே காவலுக்கு நிற்கவில்லை. ஆயுதங்களை ஒப்படைப்பதற்கும் ஆட்சியைப் பகிர்வதற்கும் அந்த மாநாடு வழிகண்டது. 2025 வரை பல தசாப்தங்களாக எந்தவொரு நாட்டினதும் அங்கீகாரமின்றியே சோமாலிலாந்து தேர்தல்களை நடத்தி, ஆட்சியைக் கையளித்து வந்தது. அது குறைகளற்ற பூமி அல்ல. 2023 இல் லாஸ் அனோட் நகரில் இரத்தம் சிந்தப்பட்டது. ஆனாலும், தெற்கில் கோடிக்கணக்கான டொலர்களால் சாதிக்கமுடியாததை மரநிழலில் அமர்ந்து பேசும் மரபு சாதித்தது.

தோல்வியடைந்தவை என்று நாம் முத்திரை குத்திய இம்மண்களில் மக்கள் தோற்கவில்லை. ஹெயிட்டியின் தேசிய வருமானத்தில் ஐந்திலொரு பங்கு அளவுக்குப் புலம்பெயர்ந்தவர்கள் அனுப்பும் பணம் அமைந்திருக்கிறது. சோமாலியக் குடும்பங்களையும் தாங்கிநிற்பது அத்தகைய பணமே. இதைப் புலம்பெயர்ந்த எமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1993 ஒக்டோபரில் அந்தக் கப்பல் திரும்பிய செய்தியை முதல் பக்கத்துக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். போராமா மாநாடு பற்றி அந்த வருடம் ஒரு வரி கூட எழுதியதாக நினைவில்லை. அது பற்றிய செய்தி வந்திருந்தாலும், மூத்தோர்கள் பேசிக்கொண்டிருப்பதில் என்ன செய்தி இருக்கிறது என்று ஒதுக்கியிருப்பேன்.