சிக்காகோவும் சிதம்பரமும்

திருவில்லிபுத்தூரிலோ இராசபாளையத்திலோ செங்கோட்டைத் தொடர்வண்டி ஏறுவோர், மேற்கு மலைத்தொடரை வலப்பக்கத்தில் கண்டவாறே சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி எனக் கடந்து செல்வர். சாரல் காலத்தில் அவ்வண்டியில் நிற்கவும் இடம் கிடைப்பதில்லை. குற்றாலத்திற்குச் செல்லும் அப்பெருங்கூட்டத்தில் எத்தனை பேர், அருவிக்கு அருகிலுள்ள வல்லம் என்ற சிற்றூரை எண்ணிப் பார்த்திருப்பர்? நாமும் பல முறை அவ்வழியே சென்று வந்தோம், எண்ணியதில்லை. எண் கோட்பாட்டில் உலகப் புகழ்பெற்ற ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பெயர் ஒன்று, அவ்வூரிலிருந்தே புறப்பட்டது என்பதைப் பிந்தியே அறிந்தோம்.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் வல்லத்தில் பிறந்தார். பிறந்து ஓராண்டளவில் தாய் கோமதி அம்மாள் இறந்துபோக, தந்தையின் உறவினரான மூதாட்டி ஒருவர் குழந்தையை வளர்த்தார். செங்கோட்டைப் பள்ளியில் சாஸ்திரியார் என்ற ஆசிரியர் சிறுவனின் கூர்மையைக் கண்டுகொண்டார். பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். படிப்பு அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சாஸ்திரியார் தம் சொற்ப ஊதியத்திலிருந்தே மாணவனுக்குப் பொருள் கொடுத்துப் படிக்க வைத்தார். அக்காலப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் எத்தகையது என்பதை நம் வாசகர்களுள் முதியோர் அறிவர்.

அதன்பின் உதவித்தொகைகள் கைகொடுத்தன. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, 1927இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் நிலை எனப் படிகள் ஒவ்வொன்றாக ஏறினார். அங்கே ஆனந்தராவும் வைத்தியநாதசுவாமியும் அவருக்கு வழிகாட்டினர். 1929இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அவர் வாழ்வின் வளமான காலம் அங்கே கழிந்தது.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட வினா 1770இல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் எழுப்பியது. இறையியல் பயின்ற நமக்குக் கணிதம் பள்ளி நாளோடு விடைபெற்றுவிட்டது. ஆயினும் இவ்வினா நமக்கும் விளங்குகிறது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டிப் பெறலாம். எடுத்துக்காட்டாக, 7 என்பது 4, 1, 1, 1 ஆகியவற்றின் கூட்டல். கன எண்கள் என்றால் ஒன்பது போதும். 23 என்ற எண்ணுக்கு இரண்டு 8களும் ஏழு 1களும் ஆக ஒன்பதும் வேண்டும். நான்காம், ஐந்தாம், ஆறாம் அடுக்குகளுக்கு எத்தனை? அதற்கும் மேலே? இதுவே வினா. கேட்பது எளிது, இதற்கு விடை காண்பதில் ஐரோப்பாவின் பேரறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தவித்தனர்.

இரசிய அறிஞர் வினோகிராதோவ் 1930களின் நடுவில் ஒரு புதிய முறையைத் தந்தார். அதைக் கைக்கொண்டு இருவர், ஒருவரையொருவர் அறியாமலே, ஏழாம் அடுக்குக்கு மேற்பட்டவற்றுக்கு விடை கண்டனர். ஒருவர் சிக்காகோவில் இருந்த லெனர்ட் யூஜின் டிக்சன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1874இல் பிறந்து டெக்சாசில் வளர்ந்தவர். சிக்காகோப் பல்கலைக்கழகம் கணிதத்தில் வழங்கிய முதல் முனைவர் பட்டம் 1896இல் பெற்றவர். எண் கோட்பாட்டின் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக எழுதியவர். மற்றவர் சிதம்பரத்தில் இருந்த நம் பிள்ளை. டிக்சனின் கட்டுரைகளை உலகெங்கும் உள்ள நூலகங்கள் வாங்கின. பிள்ளையோ பெரும்பாலும் இந்திய இதழ்களிலேயே எழுதினார். முந்தியவர் யார் என்ற வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. ஆனால், கடல் கடந்த இதழில் அச்சேறினாலன்றி அறிவை அறிவென ஏற்காத பழக்கம் நம்மவரிடமே இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

ஆறாம் அடுக்கு அப்போதும் எஞ்சி நின்றது. 1940இல் பிள்ளை அதையும் முடித்தார். விடை 73. 703 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 3இன் ஆறாம் அடுக்கு 729. அது மிகப் பெரியது. ஆகவே 2இன் ஆறாம் அடுக்காகிய 64ஐப் பத்து முறையும், 1ஐ அறுபத்து மூன்று முறையும் கூட்டியே 703ஐப் பெற வேண்டும். ஆக 73 வேண்டும் என்பது எவருக்கும் தெரியும். எந்த எண்ணுக்கும் அதற்குமேல் வேண்டியதில்லை என்று நிறுவியதே அவர் செய்த அரும்பணி. ஐந்தாம் அடுக்கை 1964இல் சீன அறிஞர் சென் சிங்ருன் தீர்த்தார். நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது. அதைத் தீர்த்த மூவருள் ஒருவர் தமிழரான இரா. பாலசுப்பிரமணியன் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்கும், அடுத்த ஆண்டு கல்கத்தாவுக்கும் பிள்ளை சென்றார். பின்னர், பிரின்ஸ்டனிலுள்ள உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டு வந்து தங்குமாறு அவரை அழைத்தது. அப்போதே ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் கூடவிருந்தது. வல்லத்து அனாதைச் சிறுவன் தம் நாற்பத்தொன்பதாம் வயதில் முதன்முறையாகத் தம்மை ஒத்தாரின் நடுவே அமரப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31 அன்று, கெய்ரோவிலிருந்து உரோமை நோக்கி எழுந்த விமானத்தின் இயந்திரங்களுள் ஒன்று தீப்பற்ற, அது எகிப்தியப் பாலைவனத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர்.

அப்போது மாநாடு தொடங்கியிருந்தது. அவ்வாண்டு பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற இருவருள் ஒருவரான செல்பர்க் எண் கோட்பாட்டாளர். பிள்ளை சென்றிருந்தால், பிரின்ஸ்டனில் அவரோடு ஓராண்டு உரையாடியிருப்பார். டிக்சன் 1954 வரை டெக்சாசில் வாழ்ந்தார். பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் ஒருசேரத் தொகுக்கப்பெற்று நூலாக வெளிவந்தது 2010இல்தான்.