குருத்தணு

மேச்சேரிப் பக்கத்துத் தோப்புகளில் குருத்து அழுகிய தென்னையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் உடனே பிடிபடும். மட்டை, பாளை எல்லாமே அந்த ஒரு நுனியிலிருந்து வருபவை. அது போனால் மரமே போயிற்று.

குருத்து + அணு. அணு என்பது இங்கே உயிரணு; ஆங்கிலத்தில் ‘ஸ்டெம் செல்’. அந்தச் சொல்லின் ஜெர்மன் வடிவமான ‘ஸ்டாம்செல்லே’யை உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868-இல் எழுதினார். ‘ஸ்டாம்’ அடிமரத்தையும் குறிக்கும், வம்சத்தையும் குறிக்கும். ‘தண்டு செல்’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்குக் குருத்துதான் பொருத்தம்: தண்டு முற்றிவிட்டது, குருத்து இனிமேல்தான் விரியவேண்டும்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணு இரண்டாகப் பிரிகையில் ஒன்று குருத்தாகவே நிற்கலாம். மற்றது படிப்படியாகச் சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ முற்றும். வேலூர் சிஎம்சியில் 1986-இல் தொடங்கிய மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இந்தக் குருத்தை நம்பியதே.

குருத்தெலும்பு வேறு, அதைக் காதுமடலில் தொட்டுப் பார்க்கலாம்.