எவான்ஸ் முனைப் பாசறை

துருவப் பயண வரலாற்றைப் பேசுவோர், முதலில் கொடி நாட்டியவர் எவர் என்பதையே பெரிதும் பேசுவர். கொடி நாட்டச் சென்றோர்க்கு உணவும் வெம்மையும் தந்த பாசறைகளை அத்துணை நினைப்பதில்லை. தென்துருவக் கண்டத்தை ஒட்டிய ரோஸ் தீவில், எரபஸ் எரிமலையின் அடிவாரத்தில் நிற்கும் எவான்ஸ் முனைப் பாசறை அவ்வாறு மறக்கப்படத் தக்கதன்று.

1911 சனவரியில் கேப்டன் ராபர்ட் ஸ்காட்டின் குழுவினர் அதனை எழுப்பினர். 50 அடி நீளமும் 25 அடி அகலமும் கொண்ட மரக்குடில் அது. சுவர்ப் பலகைகளுக்கிடையே உலர்ந்த கடற்பாசியை அடைத்துக் குளிரைத் தடுத்தனர். அவ்வாண்டின் நெடுங்குளிர்காலத்தை 25 பேர் அதனுள் கழித்தனர். அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் இடையே பெட்டிகளை அடுக்கிய தடுப்பொன்று நின்றது. ஆய்வுக் கூடமும், நிழற்படக் கலைஞர் பாண்டிங்கின் இருட்டறையும் உள்ளே அமைந்தன. குதிரை லாயம் வெளிப்புறச் சுவரை ஒட்டி அமைந்தது.

1911 நவம்பரில் புறப்பட்ட ஸ்காட், 1912 சனவரி 17இல் தென்துருவத்தை அடைந்தார். நார்வே நாட்டு அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14இலேயே அங்குச் சென்றுவிட்டிருந்தார். திரும்பும் வழியில் ஸ்காட்டும் தோழர் நால்வரும் மாண்டனர். 1913 சனவரியில் எஞ்சியோர் தாயகம் திரும்பியபோது, மீந்த உணவும் பொருளும் குடிலிலேயே தங்கின.

அப்பொருள்களே பின்வந்தோர்க்கு உயிர்மருந்தாயின. கண்டத்தைக் குறுக்கே கடக்க முனைந்த ஷாக்கிள்டனுக்கு வழியில் உணவுக் கிடங்குகள் அமைக்க மற்றொரு குழு வந்தது. 1915 மே மாதம் வீசிய புயல், அவர்களுடைய 'அரோரா' கப்பலை நங்கூரத்தோடு பறித்துச் சென்றது. உடையும் உணவும் பெரும்பாலும் கப்பலிலேயே இருந்தன. கரையில் 10 பேர் சிக்கினர். ஸ்காட்டின் குழு விட்டுச் சென்ற உணவைத் தேடியெடுத்தனர். பழைய கூடாரத் துணியில் உடை தைத்தனர். கடல்நாயின் இறைச்சியை உண்டு, அதன் கொழுப்பை எரித்தனர். அந்நிலையிலும் ஏற்ற பணியைக் கைவிட்டாரல்லர். 1916 சனவரியில் ஹோப் மலை வரை கிடங்குகளை அமைத்து முடித்தனர்.

ஆயின் அவ்வுணவை உண்ண எவரும் வரவில்லை. ஷாக்கிள்டனின் கப்பல் கண்டத்தின் மறுபுறத்தில், 1915லேயே பனியில் நொறுங்கி மூழ்கியிருந்தது. அச்செய்தியை அறியாமலே பதின்மருள் மூவர் உயிர்நீத்தனர்: ஸ்பென்சர்-ஸ்மித்தை உயிர்ச்சத்துக் குறைநோய் கொன்றது, மாக்கின்டாஷும் ஹேவர்டும் மெல்லிய கடற்பனி மீது பாசறை நோக்கி நடந்து மறைந்தனர். எஞ்சிய எழுவரை 1917 சனவரியில் 'அரோரா' மீட்டது. ஷாக்கிள்டனும் அதில் வந்திருந்தார்.

அக்குடிலை நியூசிலாந்து அறக்கட்டளையொன்று பேணிக் காத்து வருகிறது. முன்னோர் எஞ்சவிட்டது பின்னோரை வாழ்வித்தது. பின்னோர் உயிர் கொடுத்து வைத்ததோ எவர்க்கும் பயன்படவில்லை. பயன் கிட்டாமையால் அவர்தம் கடமையுணர்வு சிறுத்துவிடுமா? அப்பாசறையின் வரலாறு கற்போர் முன் நிறுத்தும் வினா இதுவேயாம்.