காப்பாளர் கடனும் திருச்சபையின் மறுமொழியும்

பிள்ளையைப் பெற்றோர் வளர்ப்பது இயற்கை. பெற்றோர் மாண்டாலோ, வறுமையால் வலியிழந்தாலோ, அப்பிள்ளையைப் பிறர் வளர்க்க நேரிடுகிறது. அங்ஙனம் வளர்க்க முன்வருவோரை உலகம் புண்ணியவான்களென்று போற்றுகிறது. அவர் சமயக் கோலம் பூண்டவராயின் கைகூப்பவும் செய்கிறது. கைகூப்பிய பின்னர்க் கணக்குக் கேட்க எவர்க்கும் மனம் வருவதில்லை. காப்பார் என்று பெயர் தாங்கிய ஊரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நமக்கு, காப்பவரைக் கண்காணிப்பவர் யார் என்னும் கேள்வி புறம்பானதன்று. நியூஸிலாந்துத் தேசத்தில் அண்மையில் நடந்தேறிய ஒரு பெரு விசாரணையின் வரலாறு இதற்கு விடைகாண உதவும்.

1950 முதல் 1999 வரை, பிறர் பராமரிப்பில் விடப்பட்ட சிறுவர்க்கும் ஆதரவற்ற பெரியோர்க்கும் நேர்ந்த கொடுமைகளை ஆராய அத்தேசத்து அரசாங்கம் 2018ஆம் ஆண்டில் ஓர் அரச விசாரணைக் கமிஷனை நியமித்தது. முதலில் சர்க்கார் நிலையங்கள் மாத்திரமே அதற்கு உட்பட்டன. சமய நிலையங்களில் துன்புற்றோர் இதனை ஒப்பவில்லை. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் திருச்சபைத் தலைவர்களும் தங்களையும் விசாரிக்குமாறு வேண்டினர். அவ்வாண்டு நவம்பரில் சமய நிலையங்களும் சேர்க்கப்பட்டன. துன்புற்றோருள் 2,300க்கு மேற்பட்டோர் தத்தம் வரலாற்றைக் கமிஷன் முன் உரைத்தனர். இறுதியறிக்கை 2024 ஜூலையில் வெளியாயிற்று. 1950 முதல் 2019 வரை பராமரிப்பில் இருந்தோர் ஏறக்குறைய 655,000 பேர் என்றும், அவருள் 200,000 பேர் வரை கொடுமைக்கு ஆளாயினர் என்றும் அது மதிப்பிட்டது. பத்துப் பேரில் மூவர் என்றால் இதனை ஒரு சில தீயோரின் செயல் என்று தள்ளிவிட இயலுமா?

ஓர் உதாரணத்தை மட்டும் நோக்குவோம். கிறைஸ்ட்சர்ச் நகரில் மேரிலாண்ட்ஸ் என்றொரு பள்ளி இருந்தது. கற்கும் ஆற்றல் குன்றிய சிறுவர்க்கென அதனை 1955 முதல் 1984 வரை நடத்தியவர் செயின்ட் ஜான் ஆப் காட் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையினர். அங்குப் பயின்ற 537 சிறுவருள் 118 பேர் தாங்கள் கொடுமைக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர் என்று கமிஷன் 2023இல் வெளியிட்ட தனியறிக்கை கூறுகிறது. வாய்விட்டுச் சொல்லவும் திணறும் பிள்ளை, தன்னைத் துன்புறுத்துபவன் ஆண்டவனின் ஊழியனாகவே இருக்கும்போது யாரிடம் சென்று முறையிடும்? முறையிட்டாலும் நம்புவார் யார்? வேலியே பயிரை மேய்ந்தது என்பது நம்மவர் பழமொழி. இங்கோ வேலி திருவேலியாகவும் இருந்தமையால், மேய்ந்ததைக் கண்டவரும் வாய் திறக்கவில்லை.

இனித் திருச்சபையின் மறுமொழிக்கு வருவோம். பல தேசங்களில் நடந்த விசாரணைகளை ஒப்பிட்டால் அம்மறுமொழி மூன்று படிகளில் சென்றதைக் காண்கிறோம்.

முதற்படி மறைத்தல். புகார் வந்தால் போலீஸாரிடம் செல்லாது, குற்றஞ் சாட்டப்பட்டவரை வேறோர் இடத்துக்கு மாற்றிவிடுவது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. சபையின் நற்பெயர் காக்கப்பட்டது. புதிய இடத்துப் பிள்ளைகளோ காக்கப்படவில்லை.

இரண்டாம் படி பேரம். அயர்லாந்தில் 2002ஆம் ஆண்டில் 18 துறவியர் சபைகள் சர்க்காருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அவை ரொக்கமாகவும் சொத்தாகவும் 12 கோடி 80 இலட்சம் யூரோ கொடுப்பது. எஞ்சிய நஷ்டஈட்டுப் பொறுப்பைச் சர்க்கார் ஏற்பது. விசாரணை முடிந்து அறிக்கை வெளிவந்தது 2009இல்தான். மொத்தச் செலவோ பின்னர் நூறு கோடி யூரோவையும் விஞ்சிவிட்டது. குற்றத்தின் அளவு தெரியுமுன்னரே விலை பேசி முடிக்கப்பட்டமையால், பெரும் பாரம் வரி செலுத்தும் குடிமக்கள் தலையில் விழுந்தது.

மூன்றாம் படி மன்னிப்பு. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச விசாரணைக்குப் பின்னர், அந்நாட்டுக் கத்தோலிக்கத் தலைவர்கள் தங்களைச் சார்ந்த பரிந்துரைகளில் 100க்கு 98ஐ ஏற்பதாக 2018இல் அறிவித்தனர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட குற்றத்தையும் அதிகாரிகளுக்குச் சொல்லவேண்டும் என்பதை மாத்திரம் சமயக் கடமைக்கு மாறானதென்று மறுத்தனர். நியூஸிலாந்தில் கர்தினால் ஜான் டியூ 2021 மார்ச்சில் கமிஷன் முன்பாகவே மன்னிப்புக் கோரினார். ஆங்கிலிக்கன் தலைவர்களும் கோரினர். பிரதம மந்திரி 2024 நவம்பர் 12இல் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

தாமாகவே விசாரணைக்கு உட்பட்டதும், பகிரங்கமாகத் தலைதாழ்த்தியதும் சிறியன அல்ல. அவற்றை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் நான்காம் படி ஒன்று உண்டு. தன் வழக்கில் தானே நீதிபதியாய் இருப்பதைக் கைவிடுவதே அது. நியூஸிலாந்துக் கத்தோலிக்கத் திருச்சபையில் வரும் புகாரை ஆராய்வதற்கென அச்சபையே ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. துன்புற்றவர் எந்தச் சபையால் துன்புற்றாரோ அச்சபையின் வாயிலுக்கே மீண்டும் செல்லவேண்டியவராகிறார். ஆதலின், சர்க்காரையும் சபைகளையும் சாராத தனியமைப்பு ஒன்றே பரிகாரம் வழங்க வேண்டுமென்று கமிஷன் 2021இல் பரிந்துரைத்தது. அத்தகைய அமைப்பை நிறுவப்போவதில்லை என்று அரசாங்கம் 2025இல் அறிவித்துவிட்டது. மன்னிப்பு வந்தது, நீதிபதி மாறவில்லை.

அக்காலத்தில் அடித்து வளர்ப்பது எங்கும் வழக்கந்தானே என்பர் சிலர். பிரம்படிக்கு அக்காலம் சமாதானமாகலாம். பிள்ளையின் உடலை இச்சைக்கு இரையாக்குவது எக்காலத்திலும் குற்றமே. குற்றமென்று அறிந்திருந்தமையாலன்றோ மறைத்தனர்? தொண்டுக்கே வாழ்நாளை ஈந்த கன்னியரும் பாதிரிமாரும் பலராயிற்றே என்பர் வேறு சிலர். உண்மை. நல்லோர் பெயரையும் மாசுபடுத்துவது விசாரணையன்று, மறைப்பே.

இது கிறிஸ்துவர்க்கு மாத்திரமுரிய பாடமென்று நம்மிற் பிற சமயத்தார் அயர்ந்திருத்தலாகாது. 2024 செப்டம்பர் 11ஆந் தேதி, நமது சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் அறத்தின் பேரால் நடந்த 20 இல்லங்களைப் போலீஸார் சோதித்து 402 பிள்ளைகளை மீட்டனர். எச்சமயத்தின் கூரையின் கீழும் இது நேரக்கூடும். தோட்டம் துண்டாடப்பட்டுப் பிழைப்பிழந்த குடும்பம் ஒன்று, சோறும் படிப்பும் கிடைக்குமென்று பிள்ளையை ஓர் இல்லத்தில் விடுவது நாம் அறியாததன்று. விட்டவர் கூச்சத்தால் கேளார்; கொடுத்தவர் பக்தியால் கேளார்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம் இத்தகைய இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், கொடுமை நேர்ந்ததென ஐயுறும் வைத்தியரும் குடும்பத்தாரும் பராமரிப்போரும் அதனைத் தெரிவிக்கக் கட்டளையிடுகிறது. 15999 என்னும் தொலைபேசி எண்ணில் எவரும் முறையிடலாம்.

தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் அரிசி மூட்டை சுமந்து இல்லங்களுக்குச் செல்லும் நல்வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கம் வளர்க. ஆனால் மூட்டையை இறக்கும்போதே நான்கு கேள்விகளையும் கேட்போம். இல்லம் பதிவாகியுள்ளதா? சொல்லாமல் வந்து பார்வையிட வெளியார்க்கு உரிமை உண்டா? பிள்ளை தனித்திருந்து வெளியார் ஒருவரிடம் பேச வழியுண்டா? புகார் எழுந்தால் அதனை விசாரிப்பவர் இல்லத்தாரா, பிறரா? நல்ல இல்லத்தார் இக்கேள்விகளுக்கு முகங்கோணார். கணக்குப் புத்தகத்தைத் தாமே எடுத்து விரிப்பர்.